முந்திரி ஆபீசுக்குப் போன இறால் கடிதம்

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்றவளை அழைத்து ஒரு சால்வை போர்த்தி, காபி கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். நான் சட்டமாக உட்கார்ந்துவிட்டேன். காபி வரும்வரை காதை மட்டும் தீட்டி வைத்திருந்தேன். உங்களில் ஒருவர் யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் போனில், "மெயில் டெலிவர் ஆயிடுச்சுன்னு காட்டுதுங்க. உங்க பக்கம்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "டெய்லி இதே ரோதனைதான் மேடம்" என்றார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது. கடலூரில் அந்த வாக்கியத்தை முதன்முதலில் சொன்னவள் அநேகமாக நான்தான்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, பயப்பட வேண்டாம். என் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

டயல்-அப் காலத்தில் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் எங்கள் இணையச் சேவை நிறுவனம் இருந்தது. வடலூர், குறிஞ்சிப்பாடி, ஸ்ரீமுஷ்ணம், சிதம்பரம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் தொலைபேசி வழியாக எங்களை அழைத்து இணையத்துக்குள் போவார்கள். ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் அவர்களுக்கு ஒரு புது இணைய முகவரி கிடைக்கும். லாட்ஜில் அறை கொடுப்பதைப் போலத்தான். காலையில் வந்தால் ஏழாம் எண், மதியம் வந்தால் மூன்றாம் எண், எது காலியோ அது. அவர் கிளம்பிய அடுத்த நிமிடமே அந்த அறை வேறொருவருக்குப் போய்விடும்.

வீட்டிலிருந்து அழைப்பவர்களால் தொந்தரவில்லை. எங்கள் கணினியில் இருக்கும் தங்கள் பெட்டியை அவர்களே திறந்து கடிதத்தை எடுத்துக்கொள்வார்கள். சில அலுவலகங்கள் மட்டும் சொந்தமாக ஓர் அஞ்சல் கணினி வைத்திருந்தன. அவர்களுக்கு வரும் மின்னஞ்சலை நாங்கள் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆனால் அறை எண் மாறிக்கொண்டே இருக்கும் ஆளுக்குக் கடிதம் கொடுப்பது எப்படி? அதற்கு நான் ஒரு நிரல் எழுதினேன். அலுவலகம் அழைத்ததும் அதற்குக் கிடைத்த எண்ணை நிரல் குறித்துக்கொள்ளும். காத்திருக்கும் கடிதங்களை அந்த எண்ணுக்குக் கொண்டுபோகும். அங்கே வாங்கிக்கொண்டால் பதிவில் "சேர்ந்தது" என்று எழுதிவிட்டு எங்கள் பிரதியை அழித்துவிடும். பிரதி வைத்துக்கொள்ளும் அளவுக்கு அன்று எங்களிடம் இடமில்லை.

அது ஓட ஆரம்பித்த அன்று அலுவலகம் முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். எங்கள் வீட்டுக்காரர் என்னை "தபால்காரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். வெளியில் முறைத்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். ஊரில் யாராவது என் நிரலைக் குறை சொன்னால் அவர்களோடு ஒரு வாரம் பேசமாட்டேன்.

இன்னொரு காரியமும் செய்திருந்தேன். கடலூர் முதுநகரில் ஒரு முந்திரி ஏற்றுமதி அலுவலகத்துக்கு அஞ்சல் கணினி வைத்துக் கொடுத்ததும் நான்தான். அதன் முதலாளி வேலை முடியும்வரை என் பக்கத்திலேயே நின்று, "யாரு பேருல வந்தாலும் வாங்கிப் போட்டுருணும் மேடம். வெளிநாட்டுக்காரன் லெட்டரு ஒண்ணு தவறிச்சுன்னா போச்சு" என்று நச்சரித்தார். சரி, தொலையட்டும் என்று, எந்தப் பெயருக்கு எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும்படி அமைத்துவிட்டு வந்தேன். வாடிக்கையாளர் மனம் குளிர்ந்தது, எனக்கு முந்திரி பக்கோடா கிடைத்தது. அதோடு அதை மறந்தும் விட்டேன்.

அது ஒரு மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை. முந்தைய நாள் நல்ல மழை. காலை எட்டு மணி தாண்டியதும் சிதம்பரத்திலிருந்து பாலு போன் செய்தார். கீழ வீதியில் இருந்த ஓர் இறால் பண்ணைச் சேவை அலுவலகத்துக்கு அவர்தான் பொறுப்பு. சுற்றுவட்டாரத்தில் இறால் வளர்ப்பவர்களுக்குத் தீவனம், குஞ்சு, நோய்ப் பரிசோதனை எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து கொடுப்பார்கள். பாலு தன்மையான மனிதர், கோபமே வராது. அவருக்கும் சேர்த்து எனக்கு வரும்.

"மேடம், மெட்ராஸ் லேப்லேர்ந்து ஒரு மெயில் வரணும். நேத்து சாயங்காலமே அனுப்பிட்டேன்னாங்க. இங்க காணோம்."

பதிவைப் பார்த்தேன். முந்தைய மாலை எங்களிடம் வந்திருந்தது. அன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பக்கத்திலேயே "சேர்ந்தது" என்று இருந்தது.

"உங்க மெஷின் வாங்கிக்கிச்சு பாலு. உங்க பக்கம் தேடுங்க."

கால் மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். "எல்லார் பெட்டியிலயும் பாத்துட்டேன் மேடம். இல்லவே இல்ல."

"அதுக்கு நான் என்ன பண்றது? எங்க வேலை ஏழு பத்தோட முடிஞ்சுபோச்சு" என்றேன். குரல் ஏறிவிட்டது.

பாலு நிதானமாக விஷயத்தைச் சொன்னார். கிள்ளையில் செல்வி என்று ஒரு பெண், கணவரோடு சேர்ந்து ஓர் இறால் குட்டை நடத்துகிறார். போன தடவை வெள்ளைப்புள்ளி நோய் வந்து குட்டை முழுவதும் செத்து மிதந்துவிட்டது. மாதக்கணக்கில் குட்டையைக் காயப்போட்டு, உழுது, தண்ணீர் ஏற்றி, இப்போதுதான் மறுபடி குஞ்சு விடப் போகிறார்கள். இன்னொரு முறை அப்படி ஆனால் தொழிலையே விட்டுவிட வேண்டியதுதான். குஞ்சு ஏற்றிய வேன் மரக்காணம் பக்கத்திலிருந்து விடியற்காலையிலேயே வந்து குட்டைக் கரையில் நிற்கிறது. குஞ்சுகள் பிராணவாயு அடைத்த பைகளில் இருக்கின்றன. வெயில் ஏறினால் தாங்காது. அந்தக் குஞ்சுக்கு நோய் உண்டா இல்லையா என்பதுதான் அந்தக் கடிதம். லேபுக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை, இரண்டாம் சனி விடுமுறை.

"நான் ஒண்ணு கேக்கறேன் மேடம். மெயில் வந்து சேந்துடுச்சுன்னு நீங்க சொல்றீங்க. கெட்ட ரிசல்ட்டா இருந்தா லேப்காரங்க ஒரு போனாவது பண்ணியிருப்பாங்க. பண்ணல. அப்ப நல்லாத்தான் இருக்கும், விட்டுடச் சொல்லட்டுமா?"

"அது உங்க இஷ்டம்" என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் சொல்லித் தொலைக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அங்கே ரிசீவர் கை மாறியது. ரிசல்ட் வாங்கிப் போகலாம் என்று காலையிலேயே வந்து பாலுவின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த செல்வி அதை வாங்கிவிட்டார்.

"யக்கா, நீங்க படிச்சவங்க. எனக்கு இந்தப் பொட்டியெல்லாம் ஒண்ணும் தெரியாது. நல்லதா கெட்டதா, அத மட்டும் பாத்துச் சொல்லிடுங்க."

"எங்ககிட்ட இப்ப இல்லம்மா. கொடுத்துட்டோம்."

"யாருக்கிட்ட குடுத்தீங்க?"

"பாலு சாரோட மெஷின்கிட்ட."

"அதுகிட்ட இல்லங்கறாரே அவரு. வாங்குனது யாருன்னு கேட்டுக் குடுத்தீங்களா?"

சண்டைக்கு வந்த குரலில்லை அது. ஆட்டுக்குட்டியைக் காணாமல் தேடுகிறவள் கடைசியாக அதைப் பார்த்தவர் யாரென்று விசாரிப்பதைப் போலத்தான் கேட்டார். "கேட்டோம்" என்று சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் என் நிரல் அப்படி ஒரு கேள்வியை எவரிடமும் கேட்டதே இல்லை. எண்ணைப் பார்க்கும், கதவைத் தட்டும், கை நீண்டால் கொடுத்துவிட்டு வந்துவிடும்.

"அஞ்சு நிமிஷம் இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அதுவரை நான் திறந்துகூடப் பார்க்காத வேறொரு பதிவைத் திறந்தேன். யார் எப்போது அழைத்தார்கள், எந்த எண்ணில் இருந்தார்கள் என்ற பதிவு அது. ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குப் பாலுவின் அலுவலகம் உள்ளே வந்திருந்தது. என் நிரல் எண்ணைக் குறித்துக்கொண்டது. ஆனால் அதற்கு முன்னால் வேறு யாருக்கோ ஒரு பெரிய கடிதம் போய்க்கொண்டிருந்ததால் இவர்களுடையது வரிசையில் நின்றது. முந்தைய நாள் மழையில் ஊறியிருந்த சிதம்பரம் லைனில் ஏழு எட்டுக்கு இணைப்பு அறுந்தது. ஏழு ஒன்பதுக்கு அதே எண் வேறொருவருக்குப் போனது. ஏழு பத்துக்கு என் நிரல் போய்க் கதவைத் தட்டியபோது உள்ளே இருந்தது முதுநகர் முந்திரி அலுவலகம்.

அதற்கு முன்பும் இப்படி லைன் அறுந்திருக்கும். அந்த எண்ணில் வீட்டிலிருந்து அழைத்தவர் யாராவது இருந்திருப்பார்கள். அவர்களிடம் அஞ்சல் கணினி கிடையாது, கதவு திறக்காது, கடிதம் பத்திரமாகத் திரும்பிவிடும். அதனால்தான் மாதக்கணக்கில் எனக்குத் தெரியாமல் இருந்தது. அன்று உள்ளே இருந்ததோ எந்தப் பெயருக்கு எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும் கணினி. அதை அப்படிப் பழக்கியவளும் நானேதான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

ஒரு நிமிடம் யோசித்தேன். "என்னவோ கோளாறு, திங்கட்கிழமை லேபை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்" என்று மழுப்பியிருக்கலாம். ஒருவர் கடிதத்தை இன்னொருவரிடம் கொடுத்தோம் என்று வெளியே தெரிந்தால் எந்த வாடிக்கையாளர் எங்களை நம்புவார்? அந்த யோசனை எனக்கு வரவே இல்லை என்று இப்போது உங்களிடம் நல்லவள் வேஷம் போட மாட்டேன். வந்தது. ஆனால் மழுப்பினால் பாலு என் "சேர்ந்தது" என்ற சொல்லைத்தான் நம்பிக்கொண்டிருப்பார். வேன் டிரைவர் அவசரப்படுத்துவார். குஞ்சு தண்ணீருக்குள் போய்விடும்.

போனை எடுத்தேன். "பாலு, குஞ்ச விடாதீங்க. தப்பு எங்க மேல. கடிதம் வேற ஆபீசுக்குப் போயிடுச்சு. நல்லதுன்னும் எடுத்துக்காதீங்க, கெட்டதுன்னும் எடுத்துக்காதீங்க. நான் போய்ப் பாக்கறவரைக்கும் பைய நெழல்ல வைக்கச் சொல்லுங்க" என்றேன். பாலு, "சரிங்க மேடம்" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் அன்று என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முந்திரி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எங்கேஜ்ட். ஏன் என்று புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு தொலைபேசி லைன். அந்த லைனில் எங்களோடுதான் இணைந்திருந்தார்கள். சரி என்று இங்கிருந்தே இணைப்பைத் துண்டித்துவிட்டு எண்ணைச் சுற்றினேன். அதற்குள் அவர்கள் மோடம் தானாகவே எங்களை மறுபடி அழைத்துவிட்டது. மூன்று தடவை துண்டித்தேன், மூன்று தடவையும் மோடமே முந்திக்கொண்டது. துண்டிப்பு ஏற்பட்டால் உடனே மறுபடி அழைக்கும்படி அதை அமைத்த புண்ணியவதியும் நான்தான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். வழியில் ரயில்வே கேட் வேறு மூடியிருந்தது. வரிசை வரிசையாகப் போன சரக்குப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த ஐந்து நிமிடம்போல் ஒரு ஐந்து நிமிடம் என் வாழ்க்கையில் வந்ததில்லை.

முந்திரி அலுவலகத்தில் ஜெசிந்தா என்ற பெண்தான் அலுவலக வேலை எல்லாவற்றையும் பார்த்தாள். முதலாளிக்குத் திரையில் படிப்பது பிடிக்காது. அதனால் காலையில் வந்ததும் வந்த மின்னஞ்சல் அத்தனையையும் பிரிண்ட் எடுத்து, முதலாளி மேஜையில் அடுக்கி, மேலே ஒரு கல்லை வைப்பது அங்கே வழக்கம். நான் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போய், "ஜெசிந்தா, உங்களுது இல்லாத ஒரு லெட்டர் வந்துச்சா?" என்றேன்.

"ஆமா மேடம். இறால்னு என்னமோ இருந்துச்சு. பேரப் பாத்தேன், சிதம்பரம் கீழ வீதின்னு போட்டிருந்துச்சு. யாருக்கோ அவசரமா இருக்கும்னு, மேற்கொண்டு படிக்காம மடிச்சு, கவருல போட்டு ஒட்டி, எட்டு மணி பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுத்துட்டேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட்ல டைம் ஆபீஸ்ல குடுத்துடறேன்னாரு."

"மெஷின்ல இருக்குல்ல?"

"அழிச்சுட்டேனே. அடுத்தவங்க லெட்டர நாம வச்சுக்கிறது நல்லா இருக்குமா?"

கத்திவிடுவேன் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? என் நிரல் கேட்காமல் விட்ட கேள்வியை அவள் முதல் வேலையாகக் கேட்டிருக்கிறாள். இது யாருடையது என்று பார்த்திருக்கிறாள். உரியவருக்கு அனுப்பியிருக்கிறாள். தன்னுடையது இல்லாததைப் படிக்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. இவ்வளவையும் அவளுக்கு யாரும் நிரல் எழுதிக் கொடுக்கவில்லை. அப்படியே அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஜெசிந்தா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மோடம் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பாலுவைக் கூப்பிட்டேன். ஒன்பதே கால் ஆகியிருந்தது. "லெட்டர் பஸ்ல வருது பாலு" என்றேன். "மெயிலா மேடம்?" என்றார். "மெயிலுதான். பஸ்ல வருது. ஓடுங்க" என்றேன்.

பாலு செல்வியையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நான் முந்திரி அலுவலகத்திலேயே காத்திருந்தேன். ஜெசிந்தா ஏதேதோ கேட்டாள், நான் என்னென்னவோ பதில் சொன்னேன். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், பஸ் ஸ்டாண்ட் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பாலு பேசினார்.

"கவரு கெடச்சுது மேடம். நோய் இருக்குன்னு போட்டிருக்கு. கிள்ளைக்குப் போன் பண்ணி வேனத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன்."

பின்னால் செல்வியின் குரல் கேட்டது. "அப்ப விட்டிருந்தா?"

"உன் குட்டை மட்டுமா, அந்த வாய்க்கால்லேர்ந்து தண்ணி எடுக்கற அத்தனை குட்டையும் போயிருக்கும்" என்று பாலு அவரிடம் சொன்னார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மறைக்கவில்லை. செல்வி ரிசீவரை வாங்கினார். ஒரு அர்ச்சனைக்கு நான் தயாராகவே இருந்தேன்.

"யக்கா, அந்தக் கவர ஒட்டுன பொண்ணு பேரு இன்னா?"

"ஜெசிந்தா."

"பக்கத்துலயா இருக்கு? குடுங்க."

ரிசீவரைக் கொடுத்தேன். இரண்டு பேரும் முன்பின் பார்த்ததே இல்லை. ஜெசிந்தா, "இதுல என்னக்கா இருக்கு, இதுல என்னக்கா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

திங்கட்கிழமை எங்கள் நிர்வாகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வெளியே சொல்லியே ஆகணுமா?" என்று கேட்டார். சனிக்கிழமையே சொல்லிவிட்டேன் என்றேன். பிறகு அஞ்சல் கணினி வைத்திருந்த ஒவ்வோர் அலுவலகத்துக்கும் நடந்ததை எழுதினேன். ஒருவர்கூட எங்களை விட்டுப் போகவில்லை. நிரலை மாற்றிவிட்டேன். எண்ணை நம்பி நாங்கள் போய்க் கதவைத் தட்டுவது நின்றது. அலுவலகக் கணினியே எங்களைக் கேட்டு, தன் பெயரையும் கடவுச்சொல்லையும் சொன்னால்தான் கடிதம். முதுநகர் கணினியையும் தன் பெயருக்கு வருவதை மட்டும் வாங்கச் சொல்லிப் பழக்கினேன். முதலாளி கொஞ்சம் முனகினார். ஜெசிந்தா ஒரு பார்வை பார்த்ததும் அடங்கிவிட்டார்.

இப்போது உங்கள் முறை. உங்களிடம் வகைவகையான பதிவுகள் இருக்கின்றன, பச்சை நிறத்தில் வேறு காட்டுகின்றன. அன்று என் பதிவு பொய் சொல்லவில்லை. யாரோ வாங்கிக்கொண்டார்கள் என்பதைத்தான் அது சொன்னது. மீதியை நானாகச் சேர்த்துச் சொன்னேன். மறுமுனையில் இருப்பவர் "வரவில்லை" என்றால், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள். தன்னிடம் இல்லை என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. தெரியாதபோது "தெரியவில்லை, பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். உங்கள் ஒரு வார்த்தையை நம்பி எங்கோ ஒரு வேன் காத்துக்கொண்டிருக்கலாம். போன வாரம் போனில் பேசியவரே, அந்த வாடிக்கையாளரை மறுபடி கூப்பிட்டு, அவருக்கு என்ன வரவேண்டியிருந்தது என்று முதலில் கேளுங்கள்.

செல்வி அடுத்த தொகுதிக் குஞ்சைப் பரிசோதித்த பிறகே குட்டையில் விட்டு வளர்த்தார். நல்ல விளைச்சல். அறுவடையன்று பாலு போன் செய்து, கடலூர் பஸ்ஸில் இரண்டு பெட்டி இறால் வருகிறது, போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். ஜெசிந்தா தன் பெட்டியை முதுநகரிலேயே வாங்கிக்கொண்டாளாம். நான் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். பஸ் வந்தது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்ததும், அதுதான் என்று கையை நீட்டினேன்.

கண்டக்டர் பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இருங்கம்மா. யாரு நீங்க? கேட்டுட்டுத்தான் குடுக்கணும்னு பெட்டிய ஏத்திவிட்ட அந்தம்மா கண்டிசனா சொல்லியிருக்கு."

பெயரைச் சொன்னேன். கொடுத்தார்.